பொறுமையான கதவுகள்

காலை மணி அடித்ததும் பியூலா டீச்சர் பயில்தெருவை இயக்கிவிட்டாள். பள்ளிக் கூரைக்குள்ளேயே அமைந்த தெரு அது. ஒரு ரேஷன் கடை, ஒரு மருந்துக்கடை, ஓடாத பேருந்து ஒன்று, ஒரு வீடு, எல்லாவற்றுக்கும் குரல்கதவு. எதிரில் நின்று வேண்டியதைச் சொன்னால் திறக்கும். தூத்துக்குடியில் இப்போது கைப்பிடி வைத்த கதவே கிடையாது.

நாக்குத் தடுமாறுகிற பிள்ளைகளும் நிதானமாக யோசிக்கிற பிள்ளைகளும் வருஷக்கணக்கில் அங்கே வாழப் பழகினார்கள். கடைசியில் தெருவே சான்று கொடுக்கும். சான்று கிடைத்தால் வேலை, தனி அறை, சொந்த வாழ்க்கை. இல்லாவிட்டால் காப்பில்லம். அங்கே சோறு உண்டு, கட்டில் உண்டு. வெளியே போக மட்டும் வழி இல்லை. சான்று வாங்கியவர்களுக்கும் ஒரு விதி உண்டு. ஊரில் மூன்று கதவுகள் மறுத்துவிட்டால் மணிக்கட்டில் கட்டிவிட்ட பட்டை சிவக்கும், காப்பில்ல வண்டி தேடி வரும்.

பியூலா டீச்சரின் தெருவில் யாரும் தோற்றதே இல்லை. கல்வித்துறை கூப்பிட்டுச் சால்வை போர்த்தியது. போன பிள்ளைகளில் ஒருவர்கூடத் திரும்ப எட்டிப் பார்க்காததுதான் குறை. வேலை வெட்டி என்று இருப்பார்கள், பாவம், என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வாள்.

தோற்காத காரணம் அவளுக்கு மட்டுமே தெரியும். ஊர்க்கதவுகள் ஒரு மூச்சு நேரம்தான் காது கொடுக்கும். அதற்குள் சொல்லி முடிக்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடும். பயில்தெருக் கதவுகளும் அப்படித்தான் வந்து சேர்ந்தன. நித்திலா சின்னப் பெண்ணாகச் சேர்ந்த புதிதில், வாயெடுப்பதற்குள் மருந்துக்கடைக் கதவு மறுத்துவிட, தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். டீச்சருக்குப் பொறுக்கவில்லை. எவன் கண்டுபிடித்த அவசரம் இது? கதவுகளின் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டி வைத்தாள். இந்த ஒரு வாரத்துக்கு மட்டும் என்றுதான் நினைத்தாள். கதவு திறந்ததும் அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்பைப் பார்த்த பிறகு, குறைக்க யாருக்கு மனசு வரும்?

அந்த நித்திலா நேற்றுதான் சான்றோடு துறைமுகப் பக்கம் வேலைக்குப் போயிருந்தாள். இன்று பள்ளி வாசலில், வியர்த்து வழிய நின்றுகொண்டிருந்தாள்.

"ஏட்டி நித்திலா! வேலைக்குப் போவலியா?"

ஒவ்வொரு சொல்லாக வந்தது. பழக்கப்படி டீச்சர் காத்திருந்தாள்.

"போனேன் டீச்சர். பஸ் கதவு... தொறக்கல. நடந்தே போனேன். ஆபீஸ் கதவும் தொறக்கல. ராத்திரி ரூம் கதவும்... வராந்தாவுலயே படுத்துக்கிட்டேன்."

டீச்சர் அவள் மணிக்கட்டைப் பார்த்தாள். பட்டை சிவந்திருந்தது. இத்தனை வருஷமாகத் திரும்பி வராத முகங்கள் எல்லாம் அந்தக் கணத்தில் வரிசையாக வந்து நின்றன. அவர்கள் எங்கே போனார்கள் என்பது இப்போது தெரிந்துவிட்டது.

"பயந்துட்டியாட்டி?"

"இல்ல டீச்சர். நான் சரியாத்தான் சொன்னேன். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே... அவசரப்படாம." நித்திலா முகத்தில் துளி சந்தேகம் இல்லை. "வெளிய கதவெல்லாம் கெட்டுக் கெடக்கு டீச்சர். எதாவது கெட்டுப்போச்சுன்னா... பொறுப்பானவங்ககிட்ட சொல்லணும்னு சொன்னீங்கல்லா? அதான் உங்ககிட்ட வந்தேன்."

தெருவில் காப்பில்ல வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. டீச்சர் வாயைத் திறந்தாள். ஒரு சொல்லும் வரவில்லை.

நித்திலா அவசரப்படுத்தவில்லை. சிரித்த முகத்தோடு, டீச்சர் சொல்லி முடிக்கட்டும் என்று காத்து நின்றாள்.