மாதிரி வாக்குச்சாவடி

எட்டே காலுக்கு அரசியலமைப்பு அருங்காட்சியகத்தின் கதவைத் திறந்தான். விளக்குகளைப் போட்டான். மூலப் பிரதி இருந்த கண்ணாடிப் பேழையைத் துடைத்தான். கடைசி வேலை மாதிரி வாக்குச்சாவடியில். பள்ளிப் பிள்ளைகள் 'ஆம்', 'இல்லை' என்று ஓட்டுப் போட்டுப் பழகும் இடம். தினமும் இயந்திரம் பூஜ்யம் காட்டுவதைக் காவலாளியும் அவனும் சேர்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அவன் மனைவி இங்கே வழிகாட்டியாக இருந்தபோது கொண்டுவந்த வழக்கம்.

இன்று 'இல்லை' பொத்தானில் ஒரு ஓட்டு விழுந்திருந்தது.

"மூணு நாளா இதே கூத்து," என்றார் காவலாளி. "எலி கிலி அமுக்குதோ?"

"எலிக்கு ஓட்டுரிமை கிடையாதுண்ணே."

"உனக்கு விளையாட்டு. இரு, மெயினை அணைச்சுட்டு வரேன்."

மூன்று நாள். அவள் படத்தை இங்கே மாட்டியும் மூன்று நாள்தான். படத்தின் கீழே பித்தளைத் தகட்டில் அவளுடைய கடைசி வார்த்தைகள்: 'பிள்ளைங்க வந்துட்டாங்களா?'

அவள் அப்படிச் சொல்லவே இல்லை. இயக்குநர் கேட்டபோது அவன் வாயில் வந்தது. அவள் அம்மா அதைக் கேட்டுக் கேட்டு அழுதாள். அதன்பிறகு மாற்றிச் சொல்ல நாக்கு எழவில்லை.

விளக்குகள் அணைந்தன.

இயந்திரத்தில் இருந்த எண்ணை அழித்தான். பூஜ்யம்.

அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பீப் என்றது. ஒன்று.

மின்சாரம் இல்லை. எண் மட்டும் சிவப்பாக எரிந்தது.

மறுபடி அழித்தான். மறுபடி பீப். இல்லை.

"பொய்தான்," என்று முணுமுணுத்தான். "கழட்டிடறேன்."

சாவி முனையால் திருகுகளை நெம்பினான். தகடு கையோடு வந்தது. திரும்பிப் பார்த்தான். பூஜ்யம். அப்படியே நின்றது.

மூச்சு வந்தது.

அப்போதுதான் ஓட்டு மை நெடி அடித்தது. மைக்குப்பி அலமாரியில், அவள் வைத்துப் பூட்டியபடியே இருந்தது. அவனுடைய இடது ஆட்காட்டி விரலில் ஈரக் கோடு. சில்லென்றது.

தடுப்புக்கு அடியில் இரண்டு பாதங்கள்.

அவள் இறந்த அன்று காலை, அவன் இந்தக் கதவைத் திறக்கக் கிளம்பி நின்றபோது கேட்ட அதே தணிந்த குரல்.

"நெஞ்சு என்னமோ பண்ணுது. கூட வர்றியா, நானே போய்க்கட்டுமா?"