லிஃப்ட்டில் கூட இருந்த குரல்

மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்துத்தான் லிஃப்ட் மெக்கானிக் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தான். அந்த நேரத்தில் யாரும் நடமாட மாட்டார்கள். முக்கியமாக, மேல்மாடியில் குடியிருக்கும் டீச்சர் கண்ணில் பட மாட்டார். பழைய கட்டடம். நடுவில் கம்பி வலை அடித்த லிஃப்ட் கூண்டு, அதைச் சுற்றிச் சுற்றி ஏறும் படிக்கட்டு. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே எப்போதும் அந்தி மசங்கிய மாதிரிதான் இருக்கும். கிரீஸ் நாற்றமும் ஈரச் சுவரின் நாற்றமும் கலந்து மூக்கில் ஏறும்.

காவலாளி வாசலிலேயே மடக்கிவிட்டான்.

“வாங்கண்ணே, வாங்க! டீச்சர் பார்க்கிறவங்ககிட்டயெல்லாம் உங்க புகழ்தான் பாடுறாங்க. உங்க மூஞ்சியைப் பார்த்தா அப்படிப்பட்ட மனுஷன்னு சொல்லவே முடியாது போங்க!”

கிண்டல்தான். ஆனால் மெக்கானிக்குக் காதுமடல் சுட்டது. “மேல வேலை கிடக்கு” என்று முனகிக்கொண்டு நழுவினான்.

நடந்தது இதுதான். போன தடவை அவன் வந்த அன்று விடுமுறை. அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தன. காவலாளியும் சாப்பிடப் போயிருந்தான். லிஃப்ட்டுக்குள் ஆள் இருக்கிறதா என்று ஒரு எட்டு பார்த்துவிட்டுத்தான் கரன்ட் மெயினை இறக்க வேண்டும். வேலை கற்றுக்கொண்ட அன்றே சொல்லிக்கொடுத்த பாடம். அவன் பார்க்கவில்லை. மொட்டைமாடி மெஷின் ரூமுக்குப் போனான், மெயினை இறக்கினான், சாக்கை விரித்துக் காலை நீட்டினான். கண் அசரும் நேரத்தில் தலைமாட்டில் லிஃப்ட்டின் அபாய மணி அடித்தது. அது பேட்டரியில் ஓடுவது. ‘பசங்க விளையாடுதுங்க’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மணியின் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுக் குறட்டை விட்டான். விளையாடுகிற பிள்ளைகள் அப்படி நிறுத்தி நிறுத்தி அடிக்க மாட்டார்கள். அது அவனுக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் பிடுங்கினான். அதை நினைத்தால் இன்றைக்கும் அவனுக்குச் சோறு இறங்குவதில்லை.

தூங்கி எழுந்து, மெயினைப் போட்டு, மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்தால், மேல்மாடியில் லிஃப்ட்டிலிருந்து டீச்சர் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தார். மூச்சிரைப்புக்காரர், தனி ஆள். திட்டப்போகிறார் என்று இவன் தலையைக் குனிந்தால், அவர் கையெடுத்துக் கும்பிட்டார். “இவ்வளவு நேரமும் கூடவே பேசிக்கிட்டிருந்தீங்களே தம்பி, நீங்க நல்லா இருக்கணும்.” அவன் திருதிருவென்று விழித்தான். பிறகு, வெட்கக்கேடு, ஆமாம் என்று தலையை ஆட்டித் தொலைத்தான்.

இன்று மட்டும் லிஃப்ட்டுக்குள் தலையை விட்டு நன்றாகப் பார்த்துவிட்டு, மேலே ஏறி மெயினை இறக்கினான். திரும்பி வந்து, தரைத்தளத்தில் நின்ற லிஃப்ட்டுக்குள் டார்ச்சோடு நுழைந்தான். வெளியே பேசுவது உள்ளே கேட்பதற்கான ஸ்பீக்கரை ரிப்பேருக்கு என்று எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தான், அதை இன்றாவது மாட்டிவிட வேண்டும்.

“தம்பி!”

மருந்துக்கடைப் பையோடு டீச்சர் லிஃப்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“உங்களை மறுபடி பார்க்கணும்னு எத்தனை நாளா நினைச்சேன் தெரியுமா? அன்னிக்கு இருட்டுல மூச்சு அடைச்சுப்போச்சு. கத்தக்கூட தெம்பில்ல. கடவுளே, என்கூட இருன்னு மனசுக்குள்ளதான் சொன்னேன். வாயைத் திறக்கவே இல்ல. உடனே இந்த ஓட்டை வழியா நீங்க பேசினீங்க. ‘இங்கதான் இருக்கேன், மெதுவா மூச்சு விடுங்க’ன்னு. கடவுள் உங்க குரல்லதான் வந்தார்.”

பொத்தான்களுக்குக் கீழே தகட்டில் துளைத்திருந்த சின்னச் சின்ன ஓட்டைகளை அவர் விரலால் தடவினார். கோயில் கல்லைத் தொடுவது போல அத்தனை பணிவாக. மெக்கானிக்குக் கூசியது.

“ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். ‘மேல ஒருத்தன் தூங்குறான், அவன்மேல கோபப்படாதீங்க’ன்னு திரும்பத் திரும்பச் சொன்னீங்களே. யாரு தம்பி அது?”

அவன் டார்ச்சைத் தகட்டின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“பழைய... பழைய ஆளு ஒருத்தன்” என்றான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“போகட்டும் விடுங்க. கரன்ட் வரட்டும்” என்று டீச்சர் காவலாளியின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

மெக்கானிக் தகட்டைக் கழற்றினான். திருகாணிகள் உருண்டோடின. உள்ளே ஒன்றுமில்லை. எலி கடித்த ஒயர் நுனி, தூசி, அதற்குப் பின்னால் இருட்டு. இருக்க வேண்டிய ஸ்பீக்கர் அவன் பைக்குள்தான் கிடந்தது. அன்றும் அங்கேதான் கிடந்தது.

டார்ச் மங்கியது.

இருட்டுக்குள்ளிருந்து இளஞ்சூடான காற்று அவன் கன்னத்தில் பட்டது. நின்றது. மறுபடி பட்டது.

யாரோ மூச்சு விடுகிறார்கள்.

கடவுளே என்று கூப்பிட வாயெடுத்தான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது?

அப்போது, காதோடு காதாக, அவனுடைய சொந்தக் குரலே பேசியது. தூங்கும் குழந்தையைத் தட்டிக்கொடுக்கிற தொனியில்.

“நீ தூங்கு. நான் பார்த்துக்கிறேன்.”

அவன் அலறிப்புடைத்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தான். காவலாளி ஓடிவந்து தூக்கினான். மெக்கானிக் அவன் கையை உதறிவிட்டு டீச்சரின் முன்னால் போய் நின்றான்.

“டீச்சர், பேசினது நான் இல்ல. தூங்கினவன்தான் நான்.”

டீச்சரின் சிரிப்பு மெல்ல மெல்ல அணைந்தது.

“மணி அடிச்சேனே. கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“கேட்டுமா?”

“கேட்டும்தான் தூங்கினேன்.”

“செத்திருப்பேன்டா” என்றார். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால்கூடத் தேவலை. “உன்னைக் கையெடுத்துக் கும்பிட்டேனே. அதையும் வாங்கிக்கிட்டியே.”

பையை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தார்.

“மெயினைப் போட்டுடறேன் டீச்சர், படி ஏறாதீங்க. மூச்சு வாங்கும்.”

“உன் கை பட்ட எதுலயும் நான் ஏற மாட்டேன்.”

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். பின்னால் போய்த் தாங்கிப்பிடிக்க மெக்கானிக்குக் காலும் வரவில்லை, யோக்கியதையும் இல்லை. காவலாளி அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கிரீச்.

லிஃப்ட்டின் மடக்குக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளே விளக்கு எரிந்தது.

மெயின் இறக்கியபடியேதான் இருக்கிறது. மோட்டார் ஓடும் சத்தம் இல்லை. ஆனாலும் லிஃப்ட் தரையை விட்டு எழும்பியது. டீச்சர் ஒரு படி ஏறினால் அதுவும் அந்த அளவு ஏறியது. அவர் மூச்சு வாங்க நின்றால் வலைக்கு அந்தப் பக்கம் அதுவும் நின்றது. அதற்குள்ளிருந்து ஒரு குரல் தாழ்ந்து, விடாமல், எதையோ கேட்டுக்கொண்டே போனது. மெக்கானிக் தன் வாயைக் கையால் தொட்டுப் பார்த்தான். உதடுகள் இறுக மூடித்தான் இருந்தன.

குரல் மட்டும் அவனுடையது.

மேல் திருப்பத்தில் டீச்சர் நின்றார். அழுகையும் ஆத்திரமுமாக அவர் கேட்டது கீழே வரைக்கும் தெளிவாக விழுந்தது.

“நீ எனக்குத் துணைக்கு வந்தியா, இல்ல அவனுக்காகக் கெஞ்ச வந்தியா?”

பதில் அவன் குரலிலேயே வந்தது: “ரெண்டுக்கும்தான்.” மெக்கானிக் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.