வாசிக்காத வரிகள்

கொட்டச்சேட்டில் ஆராயி வீட்டுக்கு நான் அன்று போனதும் கடிதம் வாசிக்கத்தான். காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் என்பதால் ஊரில் பாதிப் பேருக்கு அந்த வேலையும் என் தலையில்தான். அவள் புருஷன் காளியண்ணன் பட்டாளத்தோடு இலங்கையில் இருந்த இரண்டு வருஷமும் அவன் கடிதங்களை நான்தான் வாசித்தேன். முழுதாக அல்ல.

பட்டாளத்தார் அங்கே பிடித்துத் தங்கிய வீட்டின் சொந்தக்காரி, பொழுது சாய்ந்ததும் வாசலில் வந்து நின்று, "எங்கட வீட்டை எப்ப விடுவியள்?" என்று கேட்பாளாம். ஒருநாள் சண்டைக்கு நடுவே அங்கேயே குண்டடிபட்டுச் செத்தாள். அதன் பிறகும் வந்து கேட்கிறாள் என்று எழுதியிருந்தான். இதையெல்லாம் பெண்டாட்டியிடம் எப்படி வாசிப்பது? வெயில்தான் அதிகமாம், மற்றபடி சுகமாம் என்று முடித்துவிடுவேன். புண்ணியம் செய்வதாக நினைப்பு.

தொண்ணூறில் பட்டாளம் திரும்பியது. காளியண்ணனும் வந்தான். வந்து ஒரு மாதமாகியும் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை என்று ஆராயி சொல்லியிருந்தாள்.

நான் போனபோது பனி இறங்கிக்கொண்டிருந்தது. காப்பிப் பூ வாசனைக்கு நடுவே, இந்த மலையில் இல்லாத கடல் உப்பு வாடை. வேலிப் படலருகே காளியண்ணன் நின்றிருந்தான்.

வாய் அவனுடையது. குரல் ஒரு பெண்ணுடையது.

"எங்கட வீட்டை எப்ப விடுவியள்?"

அவனைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

ஆராயி உள்ளே கூப்பிட்டுக் கடிதத்தை நீட்டினாள். காலையில்தான் வந்ததாம்.

காளியண்ணன் கையெழுத்து.

போன திங்கட்கிழமைத் தேதி.

'எல்லோரும் கப்பலேறிவிட்டார்கள். நான் மட்டும் இந்த வீட்டுக்குள் இருக்கிறேன். கதவு திறக்கவில்லை. வாசலில் நின்றவளையும் காணோம்.'

பொய் சொல்லத் தெம்பில்லை. இதுவரை மறைத்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். ஆராயி அழவில்லை. வெளியே போய்ப் படலை அகலமாகத் திறந்து, "உள்ள வாங்கம்மா," என்றாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்:

"ஏனுங்க ரைட்டரய்யா, அந்த ஊட்டுக்கே எழுதுங்க, இந்தம்மாளுக்கு இங்க ஒரு ஊடு ஆச்சுன்னு. அவரை உட்றச் சொல்லி எழுதுங்க."

எழுதினேன். பட்டாளமே இல்லாத ஊரில் யார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

பத்தாம் நாள் பதில் வந்தது. ஆராயி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்படியில் அந்தப் பெண்குரல் ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

'இன்னும் திறக்கவில்லை. யாராவது வாருங்கள்.'

"கிளம்பிட்டாராம்," என்று வாசித்தேன்.