நட்டில் இருந்த எலும்பு

ஸ்ரீவில்லிபுத்தூரில் கிருபாபாய் அக்கா வீட்டுக்குள் நுழைந்தபோது வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாடை. அவர் கணவர் பொன்னுராஜ் இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ராஜபாளையத்தில் மில் வேலை, ஞாயிறுதோறும் சர்ச்சில் கித்தார் என்று வாழ்ந்த மனிதர். அந்தக் கித்தாரை இரவல் கேட்கத்தான் போயிருந்தேன்.

என் கித்தார் கழுத்து முறிந்து கிடந்தது. தேவதானம் கோயில் பொங்கலுக்குக் கச்சேரி. இதில் நான் வாசிக்காவிட்டால் மதுரைக்காரன் ஒருவனை நிரந்தரமாகச் சேர்த்துவிடப் போவதாக, எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்தும் முத்துராமலிங்கம் அண்ணன் சொல்லிவிட்டார். அப்படி நடந்தால் என் பிழைப்பில் மண்தான்.

அக்கா மறுக்கவில்லை. டீ கொடுத்துவிட்டுக் கணவரைப் பற்றியே பேசினார். ஊமைக்கோட்டான் மாதிரி இருப்பாராம். இன்னொரு டீ வேண்டுமென்றால்கூட வாயைத் திறக்காமல் இடதுகை மோதிர விரலால் டம்ளரைத் தட்டுவாராம்.

"எடுத்துட்டுப் போங்க தம்பி. அதுல எதையும் மாத்திறாதீங்க."

ராஜபாளையத்தில் என் வீட்டுக்கு வந்து மீட்டிப் பார்த்தால், விரல் நுனி கிழிகிற உயரத்தில் நின்றன கம்பிகள். உயரம் பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளுக்குப் பிரெட் என்று பேர். கம்பியை மூன்றாம் பிரெட்டில் அமுக்கிக்கொண்டு, முதல் பிரெட்டின் மேல் பஸ் டிக்கெட்டை நுழைப்பேன். உரசிக்கொண்டு போனால் சரி. இதில் டிக்கெட்டை மடித்து மடித்துச் செருகியும் இடம் மிச்சமிருந்தது. கோளாறு நட்டில்தான். கழுத்தின் உச்சியில் கம்பிகள் ஏறிப்போகும் சின்னத் துண்டு அது. பழுப்பேறிய எலும்பு.

மாற்றக்கூடாது என்றுதான் அக்கா சொன்னார், தேய்க்கக்கூடாது என்று சொல்லவில்லையே. இந்த வக்கீல் புத்திதான் என்னைக் கெடுத்தது.

சின்ன அரத்தால் நட்டின் பள்ளங்களை ஆழமாக்கினேன். பல் டாக்டர் அறையில் வருமே, அந்த வாடை எழுந்தது. டிக்கெட் உரசிக்கொண்டு போகும்வரை தேய்த்தேன். என் இடதுகை மோதிர விரல் மட்டும் விண்விண் என்று தெறித்தது.

காலையில் கம்பிகள் ஏறியிருந்தன.

பள்ளங்கள் தூர்ந்துபோயிருந்தன. வெட்டிய நகம் வளர்வதுபோல எலும்பு வளர்ந்திருந்தது.

மறுபடி தேய்த்தேன். மறுநாளும் ஏறியது. தேய்க்கத் தேய்க்க என் விரல் சில்லிட்டது. கடைசியில் ஊசியால் குத்திப் பார்த்தேன்.

வலிக்கவில்லை.

அந்த விரல் இல்லாமல் நான் எங்கே கித்தார் வாசிப்பது? பயந்துபோய் பஸ் ஏறினேன். அக்கா என் கையைத் தொட்டுப் பார்த்தார்.

"தேய்ச்சீங்களா?"

தலையாட்டினேன். அவர் குரல் இறங்கிவிட்டது.

"மில்லு மிஷின்ல அவியளுக்கு அந்த வெரலு போச்சு தம்பி. பொதைச்சிருங்கன்னு எல்லாரும் சொன்னாவ. அவிய கேக்கல. எலும்ப எடுத்துக் காயவச்சு, அவியளே அறுத்து அந்த நட்டா வச்சாவ. கம்பிய விட்டு அந்த வெரலுக்கு இருக்க முடியாதாம்."

"நான் என்ன செய்யணும்க்கா?"

"தேய்க்காம வாசிங்க. அவியளுக்கு வலிக்கும்."

அரத்தைத் தொடாமல் தேவதானம் போனேன். மரத்த விரலை மடக்கிவைத்துக்கொண்டு மற்ற விரல்களால் சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். முதல் பாட்டிலேயே அது தானாக நிமிர்ந்தது. கம்பிகளில் ஓடியது. எனக்குத் தெரியாத இடங்களுக்கெல்லாம் போய்ச் சரியாக அமுக்கியது.

நான் ஓட்டவில்லை.

இறங்கும்போது முத்துராமலிங்கம் அண்ணன் முதுகில் தட்டி, மதுரைக்காரன் இனி வேண்டாம் என்றார். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருப்பிக் கொடுக்கும் முன் டிக்கெட்டை நுழைத்துப் பார்த்தேன். உரசிக்கொண்டு போனது. நட் தானாகவே இறங்கியிருந்தது. மறுநாளும் ஏறவில்லை. மனுஷன் ஒருவழியாக அடங்கிவிட்டார் என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் கித்தாரைச் சுவரோரம் சாய்த்துவைத்தேன். அக்கா டீ கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போனார். குடித்து முடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது, பழக்கப்பட்ட அலுப்போடு.

"இந்தா வாரேங்க, செத்த இருங்க."

நான் ஒன்றும் கேட்கவில்லையே.

அடுக்களையில் ஏதோ கீழே விழுந்து உருண்டது. அக்கா நிலைப்படிக்கு வந்து நின்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் பார்த்த இடத்தை நானும் குனிந்து பார்த்தேன்.

என் மோதிர விரல் காலி டம்ளரைத் தட்டிக்கொண்டிருந்தது.