காந்தம் ஒட்டாத இடம்

ட்ரிங்... ட்ரிங்...!

உக்கிரபாண்டி சோபாவிலிருந்து துள்ளி எழுந்தான்.

இரண்டு நாளாக இதே கூத்துதான். போன் அடித்தால் போலீஸ். நாய் குரைத்தால் போலீஸ். பால்காரர் கதவைத் தட்டினாலும் போலீஸ்! அரிசி மில் முதலாளியின் ஒரே மகனுக்கு வந்த வாழ்வைப் பாருங்கள்!

கரும்புத் தோட்டத்து வளைவில் கண்மண் தெரியாமல் காரை ஓட்டி, சைக்கிளில் போன காசிமாயனை அடித்துத் தூக்கியவன் இவன். பிரேக்கைக்கூட மிதிக்கவில்லை. காசிமாயன் அந்த இடத்திலேயே செத்துப்போனான்.

கார் கைமாறிவிட்டால் தப்பித்தான். இல்லையென்றால் ஜெயில். அதனால்தான் அவசர அவசரமாகப் பேப்பரில் விளம்பரம்!

"ஹலோ... யாரு?"

"கே.கே. நகர் அனந்தராமன். ஸ்போர்ட்ஸ் கார் விளம்பரம் பார்த்தேன். மத்தியானம் வரலாமா?"

"இப்பவே வாங்க சார்!"

மத்தியானம். சமயநல்லூர் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஆட்டோ வந்து உக்கிரபாண்டியின் கார் ஷெட் வாசலில் நின்றது. நெற்றியில் விபூதி, கையில் மஞ்சள் பையுடன் அனந்தராமன் இறங்கினார். காக்கிச் சட்டை ஆட்டோக்காரன் தூணில் சாய்ந்து பீடி பற்றவைத்தான்.

உள்ளே அந்த சிவப்பு அழகி! இரண்டே சீட். மடக்குகிற கூரை. ஊட்டி எஸ்டேட் துரை விட்டுப்போன சீமைக் கார்.

மனிதர் அழகில் மயங்கவில்லை. முதலில் பானெட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்ஜின் ஜில்லுன்னு இருக்கு. நல்லது. ஸ்டார்ட் ஆகாத வண்டிய முன்னாடியே சூடு பண்ணி வச்சு ஏமாத்துவா."

"நம்மகிட்ட அந்த வேலையே கெடையாது சார்!"

சேஸிஸ் நம்பரை ஆர்.சி. புக்கோடு ஒப்பிட்டார். காருக்குள் விரித்த மிதியடியைத் தூக்கித் துரு தேடினார். பானெட்டைத் திறந்து பேட்டரியைக் குடைந்தார். உக்கிரபாண்டிக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை.

பையிலிருந்து ஒரு காந்தம் வந்தது!

கதவில் ஒட்டியது. வலது மட்கார்டில் ஒட்டியது. இடது மட்கார்டில்...

டொக்! கீழே விழுந்தது.

"காந்தம் தகரத்துலதான் ஒட்டும். இங்க நசுங்கினத மறைக்கப் பட்டி பூசியிருக்கேள்."

"அ... அது... தூண்ல இடிச்சிருச்சு சார். போன வருசம். அப்புறம் ஷெட்ட விட்டு வெளியவே எடுக்கல."

"டிரைவர் இடிச்சானா?"

"டிரைவரா? என் கையத் தவிர வேற கை பட்டதில்ல சார்! சாவி எப்பவும் என் இடுப்புலதான்!"

வியாபாரப் பெருமை! வாய்க்குப் பூட்டு இல்லை, பாவம்.

அனந்தராமன் குனிந்து டயர் பட்டன் இடுக்கில் நகத்தை விட்டார். குங்குமம் அப்பிய எலுமிச்சம்பழத் தோல் ஒன்று வந்தது. இன்னும் ஈரம் காயவில்லை.

"ஒரு வருஷமா வெளிய போகாத கார்ல இது எப்படி?"

உக்கிரபாண்டி தோலைப் பிடுங்கி எறியப் பார்த்தான். செத்தவன் ஆவி பிடிக்காமலிருக்க, பட்டி பூசிய கையோடு பாண்டி கோயிலுக்கு ஓட்டிப்போய் நாலு சக்கரத்திலும் பழம் நசுக்கி வந்தவன் அல்லவா!

"நான் சொல்லட்டா சார்?"

ஆட்டோக்காரன்! பீடியை எறிந்துவிட்டு உள்ளே வந்தான்.

"சப்-இன்ஸ்பெக்டர் விருமாண்டி. செத்தவன் சைக்கிள்ல செவப்புப் பெயிண்ட்டு. அடுத்த நாளே பேப்பர்ல செவப்புக் காரு! பாக்க வாரவரை ஏத்திக்கிட்டு வரத்தான் பஸ் ஸ்டாப்புல ஆட்டோவோட கெடந்தேன்."

"நா... நான் ஓட்டல. டிரைவர்தான்..."

"இப்பத்தான மாப்ள சொன்ன, வேற கை பட்டதில்லன்னு? நேரா வந்து கேட்டிருந்தா எந்த டிரைவரையாச்சும் சரண்டர் பண்ண வச்சிருப்பீக. உன் வாயால வரணும்னுதான் இம்புட்டு நேரம் பீடி குடிச்சேன்!"

உக்கிரபாண்டி பாய்ந்தான். காருக்குள் விழுந்தான். சாவியைத் திருகினான்.

டிக்... அவ்வளவுதான்.

"பேட்டரி ஒயரைக் கழட்டியிருக்கேன். முனையில உப்புப் பூத்திருக்கான்னு பார்க்கணுமோன்னோ!" என்றார் அனந்தராமன்.

விருமாண்டி விலங்கை மாட்டிவிட்டு அனந்தராமனிடம் திரும்பினார்.

"மன்னிச்சுக்கங்க சார். காரு இனிமே ஸ்டேஷன்லதான் நிக்கும்."

அனந்தராமன் காந்தத்தைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.

"அதனாலென்ன? ஏலம் விடறச்சே ஒரு வார்த்தை சொல்லுங்கோ... பட்டிக்கு மட்டும் கொஞ்சம் விலை குறைச்சுக்கணும்!"