கேபிள் முனையில் பூத்த உப்பு

மூகோ துறைமுகத்துக்கு மேலே, கணவாய் மீன் காயவைக்கும் கொடிகளைத் தாண்டி இருந்தது சுன்தோக்கின் கார் கொட்டகை. மெக்கானிக் ஜோங்கு போய்ச் சேர்ந்தபோது மதியம் மூன்று மணி. கடலிலிருந்து ஏறிய மூடுபனியில் கொட்டகைக்குள் விளக்குப் போடவேண்டியிருந்தது.

இரண்டு குளிர்காலமாக அந்தக் காரை யாரும் தொடவில்லை. சுன்தோக்கின் கணவர் தோங்பில் மலைப்பாதையில் பனிப்புயலில் சிக்கி, அணைந்த வண்டி மறுபடி உயிர்பிடிக்காமல், அதற்குள்ளேயே உறைந்து செத்திருந்தார். இப்போது மகள் யேரினுக்கு மலைக்கு அந்தப்பக்கம் ஆஸ்பத்திரி வேலை. திங்கட்கிழமை முதல் இந்தக் காரில்தான் போகவேண்டும்.

துருவேறிய பானெட்டை ஜோங்கு நெம்பித் திறந்தான். முகத்தில் அடித்தது புளித்த அமில நெடி. பேட்டரியின் பிளஸ் முனையை மூடி, ஈரமாவு அப்பியதுபோல வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது.

அதன்மேல் விரல் தடங்கள்.

நான்கு. யாரோ கேபிளைப் பிடித்து ஆட்டிய மாதிரி. தடங்களின் ஓரத்தில் பொடி இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

ஜோங்கு ஸ்பேனரை எடுத்தான். மைனஸைக் கழற்றினான், அடுத்து பிளஸ். பேட்டரியைத் தூக்கித் தரையில் வைத்தான். வெந்நீரில் சமையல் சோடாவைக் கரைத்துக் கேபிள் முனைகளில் ஊற்ற, நுரை சீறியது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தான். இன்னும் கொஞ்சம் வெந்நீர் வாங்க வீட்டுக்குள் போய்த் திரும்பினான்.

பிளஸ் கேபிள் முனையில் மறுபடி உப்பு. மறுபடி விரல்கள்.

காருக்குள் விளக்கு எரிந்தது.

பேட்டரி அவன் காலடியில் கிடந்தது.

மஞ்சள் வெளிச்சத்தில் கார்க் கண்ணாடி உள்பக்கமாகப் பனிபூத்தது. யாரோ மூச்சு விடுவதுபோல, விட்டு விட்டு.

பின்னால் வாசலில் சுன்தோக் நின்றிருந்தாள்.

"அண்ணி," என்றான். "அந்த வருஷம் அண்ணன் என்கிட்ட வந்தாரு. முனை அரிச்சுப் போயிருக்கு, மாத்திக் கொடுடான்னாரு. அன்னிக்குக் கடையில கூட்டம். கேபிளை ஆட்டிவிட்டா ஸ்டார்ட் ஆகும், வசந்தம் வரைக்கும் ஓட்டுங்கன்னு அனுப்பிட்டேன்."

"தெரியும்."

அவன் நிமிர்ந்தான்.

"அந்த ராத்திரி போன் பண்ணாரு. ஜோங்கு சொன்னபடி ஆட்டிப் பாக்குறேன், விரலு மரத்துப் போச்சுன்னாரு. அப்புறம் லைன் போயிடுச்சு."

"அப்புறம் ஏன் என்னையே கூப்பிட்டீங்க?"

"நீ பாக்கி வச்ச வேலைதானே தம்பி. முடிச்சுக் குடு. என் பொண்ணு போகணும்."

காருக்குள் எரிந்த விளக்கு அணையவில்லை. அந்த வெளிச்சத்திலேயே வேலை செய்தான். அரித்த கேபிள் நுனிகளை வெட்டி எறிந்து, செம்பு பளபளக்கச் சுரண்டிப் புது கிளாம்ப் பூட்டினான். புது பேட்டரியை இறக்கி, முனைகளில் அமிலக் கசிவைத் தடுக்கும் கம்பளி வளையங்களைச் செருகினான். பிளஸ்ஸை முதலில் முறுக்கி, பிறகு மைனஸை முறுக்கி, காற்றும் ஈரமும் புகாதபடி மேலே கிரீஸ் தடவினான். ஒவ்வொன்றையும் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை.

சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமியது.

யேரின் ஏறுவதற்கு முன் தானே மலைப்பாதை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னான். சுன்தோக் தலையசைத்தாள்.

தெரு முனையைக்கூடத் தாண்டவில்லை, அதற்குள் டாஷ்போர்டில் மணி அடித்தது. பக்கத்து இருக்கையில் ஆள் பெல்ட் போடவில்லை என்ற சிவப்புக் குறி.

இருக்கை காலி.

மணி நிற்கவில்லை. கடைசியில், அந்தப்பக்கம் பார்க்காமலே, கையை நீட்டி பெல்ட்டை இழுத்து மாட்டினான். மணி நின்றது.

தோங்பில் செத்த வளைவுக்குப் போனான். அங்கே வண்டியை வேண்டுமென்றே அணைத்தான். மூடுபனியில் ஒரு சத்தமும் இல்லை. தோள் ஓரமாக மட்டும் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது போலிருந்தது.

சாவியைத் திருப்பினான். ஒரே திருப்பில் வண்டி பிடித்தது.

பக்கத்தில் நீளமாக ஒரு பெருமூச்சு.

திரும்பி வந்தபோது சுன்தோக் வாசலில் நின்றாள். நேராகப் பக்கத்து இருக்கைக் கதவுக்கு வந்து திறந்தாள்.

"குளிருது," என்றாள் மெதுவாக. "உள்ள வாங்க."

அவள் பேசியது ஜோங்குவிடம் இல்லை.

அவள் கை பெல்ட்டைத் தொடவே இல்லை. 'க்ளிக்' என்று அதுவே கழன்றது.