தாமரை போட்ட கதவு

"'திற' பொத்தான், வலப்பக்கம்" என்றது சிவநேசனின் காதிலிருந்த செவித்துணை. அவன் தொட்டதும் வீட்டுக் கதவு விலகியது.

"பாத்தியா கோதை? இப்பெல்லாம் தடவறதே இல்ல."

"பெரிய சாதனைதான். சட்டைப் பித்தான மாத்திப் போட்டிருக்கீங்க. நில்லுங்க" என்று மனைவி பூங்கோதை சரிசெய்தாள்.

கோவையில் கைப்பிடி வைத்த கதவுகள் ஒழிந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஒவ்வொரு கதவிலும் ஒரு வலைப்பக்கம் ஒளிரும். அதில் பொத்தானைத் தொட வேண்டும். கண் தெரியாதவர்களுக்குச் செவித்துணை அந்தப் பக்கத்தின் நிரலைப் படித்துச் சொல்லும்.

"இன்னிக்கு நீ பின்னாலதான் வரணும், வாயத் தொறக்கக் கூடாது" என்றான் அவன். "இசைப்பள்ளிக்குள்ள நானே போயிட்டா மறுபடியும் வயலின் வகுப்பு எடுப்பேன். முடியலீன்னா திருச்சிக்கு, அண்ணன் வீட்டுக்கு. உன் வேலையக் கெடுத்துக்கிட்டு எத்தன நாளைக்கு என் கையப் புடிச்சிட்டுத் திரிவே?"

பேருந்து, சாலை, படிகள் எல்லாவற்றையும் அவன் தனியாகவே கடந்தான். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக் கதவின் முன்னால் நின்றவன் மட்டும் நகரவில்லை. விரல்கள் கண்ணாடியில் அலைந்தன.

"கொஞ்சம் சீக்கிரம் தொடுங்க சார், வகுப்புக்கு நேரமாச்சு" என்றார் பின்னால் பிள்ளையோடு நின்ற ஒரு தாய்.

"மன்னிச்சுக்கங்க. எனக்கு இன்னும் பழகல." அவன் திரும்பினான். "கோதை, என்னால ஆகல. நீயே கேளு." செவித்துணையைக் கழற்றி அவள் காதில் வைத்தான்.

"படம். படம். படம்."

அப்போதுதான் அவள் கதவைப் பார்த்தாள். ஓரத்தில் தாமரைக் கொடி, நடுவில் மலர் வடிவப் பொத்தான். அவள் நிறுவனத்துக்காக அவளே எழுதிய பக்கம். நகரெங்கும் விற்ற வடிவமைப்பு. பொத்தானைப் பொத்தானாக எழுதாமல், செவித்துணையால் படிக்க முடியாத படமாக ஒட்டியிருந்தாள். கண் தெரியாதவர்களுக்கான விதிகளின்படி எழுதச் சொன்ன தோழி ரெஜினாவிடம், "ரெண்டு மடங்கு வேலை. கண்ணுக்கு ஒண்ணாத்தானே தெரியுது?" என்று சிரித்திருந்தாள். இவன் பார்வை போன பிறகும் அதைத் திருத்த அவளுக்குத் தோன்றவே இல்லை.

அந்தத் தாய் கை நீட்டி மலரைத் தொட்டார். கதவு திறந்தது. அவரும் பிள்ளையும் உள்ளே போனார்கள். மறுபடி மூடிக்கொண்டது.

"தப்பு உங்க மேல இல்லீங்க" என்றாள், தரையைப் பார்த்தபடி. "இந்தக் கதவ எழுதுனது நான்."

"பாக்க அழகா இருக்குதா?" என்று கேட்டான், கோபமே இல்லாமல்.

"இருக்குதுங்க."

"செவித்துணையக் குடு. அண்ணன்கிட்டப் போன்ல பேசணும்."

அவன் கை காற்றில் நீண்டு காத்திருந்தது. கழற்றித் தர அவளால் முடியவில்லை. அது அவள் காதில் இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தது: "படம். படம். படம்."